நவம்பர் அட்லாண்டிக்கில் கப்பல் எவ்வளவு ஆடும்? காவேரிப்பட்டணம் டீச்சருக்கு ஒரு பதில்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் இங்கிலாந்தில், மகள் நியூஜெர்சியில். வருகிற நவம்பரில் மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்குப் போக, விமானத்துக்குப் பதிலாக சவுத்தாம்ப்டன் – நியூயார்க் குயின் மேரி 2 கப்பலில் ஏழு இரவுப் பயணத்துக்குப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். கப்பலின் முன்பக்கம், உயரத்துத் தளத்தில், பால்கனி வைத்த அறை. "எனக்குத் தொப்பூர் கணவாய் இறங்கும்போதே குமட்டும். அவருக்கு முழங்கால் வலி. கடல் கொந்தளித்தால் கப்பலுக்கு என்ன ஆகும், எங்களுக்கு என்ன ஆகும்? டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா?" இதுதான் கேள்வி.

ரத்து செய்ய வேண்டாம், டீச்சர். அறையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பாலக்கோட்டுக்காரன். 26 ஆண்டுகள் கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். பெரும்பாலும் சரக்குக் கப்பல், நடுவில் ஆறு ஆண்டுகள் பயணிகள் கப்பல். உங்கள் கப்பலில் வேலை பார்த்ததில்லை. ஆனால் வட அட்லாண்டிக்கைக் குளிர்காலத்தில் பலமுறை கடந்திருக்கிறேன். கடலே இல்லாத மாவட்டத்தில் பிறந்தவன் எப்படிக் கப்பலுக்குப் போனான் என்று ஊரில் இன்றும் கேட்பார்கள். உங்கள் ஊர் மட்டும் என்ன? பெயரில் காவேரியும் உண்டு, பட்டணமும் உண்டு. அருகில் ஓடுவதோ தென்பெண்ணை, துறைமுகமோ எங்கேயோ.

முதலில் கப்பலைப் பற்றி. இப்போது சுற்றுலாவுக்கு ஓடுகிற பெரிய கப்பல்கள் பெரும்பாலும் க்ரூஸ் கப்பல்கள். வெயிலும் அமைதியான கடலும் தேடி ஓடுபவை. புயல் வந்தால் துறைமுகத்தை மாற்றிக்கொள்ளும். லைனர் என்பது வேறு சாதி. இந்தத் தேதியில் இந்த ஊரில் கிளம்பி அந்த ஊரில் சேர வேண்டும் என்று கால அட்டவணை போட்டு, நடுவில் எந்தக் கடல் இருந்தாலும் அதைக் கடந்து போகக் கட்டப்படுவது. இன்றைக்கு அப்படி முறையாக ஓடுவது உங்கள் கப்பல் ஒன்றுதான். பிரான்சில் சான் நசேர் என்ற ஊரில் கட்டி, 2004 ஜனவரியில் முதல் பயணம் போனது. அதற்கு அடுத்த மாதம்தான் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது; ஆக உங்கள் மாவட்டமும் இந்தக் கப்பலும் ஏறக்குறைய ஒரே வயது.

நீளம் 345 மீட்டர். தண்ணீருக்குள் சுமார் 10 மீட்டர் இறங்கியிருக்கும். முகப்பு, அதாவது நம் மீனவர்கள் அணியம் என்று சொல்வது, கத்திபோல நீண்டு கூராக இருக்கும். கட்டடம் மாதிரி எழும் தளங்கள் அதற்கு வெகுதூரம் பின்னால் தள்ளித்தான் தொடங்கும். முன்னால் ஏறி விழுகிற தண்ணீரைத் தடுக்க ஒரு குறுக்குச் சுவர். உயிர்காப்புப் படகுகளைப் பாருங்கள். வழக்கமாகத் தண்ணீரிலிருந்து 15 மீட்டர் உயரத்தில் தொங்கவிட வேண்டிய அவற்றை, அட்லாண்டிக் அலை எட்டிப் பறிக்காமல் இருக்க, தனி அனுமதி வாங்கி 25 மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். கட்டியவர்கள் எந்தக் கடலை மனதில் வைத்துக் கட்டினார்கள் என்பதற்கு அந்தப் படகுகள் போதும்.

இனி அலை. ஒகேனக்கல் பரிசலில் போயிருப்பீர்கள். சின்னச் சுழலுக்கும் சுற்றும், ஒவ்வொரு சிற்றலையிலும் ஏறி இறங்கும். ஏனென்றால் பரிசல் அலையைவிடச் சிறியது. கப்பலில் கணக்கு தலைகீழ். ஆழ்கடலில் ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 1.56ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 10 விநாடி என்றால் 156 மீட்டர். உங்கள் கப்பல் அப்படி இரண்டு அலைகளின் மேல் ஒரே நேரத்தில் படுத்துக்கொள்ளும். முன்பின் ஆட்டம் அதிகம் தெரியாது. 14 விநாடி அலை என்றால் சுமார் 306 மீட்டர், ஏறக்குறைய கப்பலின் நீளம். அப்போதுதான் கப்பல் அலையேறி மூக்கைத் தூக்கும், முகட்டைத் தாண்டியதும் மூக்கைக் குத்தும். பக்கத்தில் நடக்கும் புயலைவிட, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்து ஓய்ந்த புயலின் நீண்ட அலை சில நேரம் கப்பலை அதிகம் ஆட்டுவது இதனால்தான். வானம் நீலமாக இருக்கும், காற்றே இருக்காது. தட்டு மட்டும் மேசையில் நகரும்.

நவம்பரில் சவுத்தாம்ப்டனிலிருந்து மேற்கே போகிறீர்கள். அங்கே காற்றும் அலையும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். அதனால் உங்களுக்குப் பெரும்பாலும் முன்பின் ஆட்டம், கப்பல்காரர்கள் பிட்சிங் என்பார்கள். நியூயார்க்கிலிருந்து திரும்புகிறவர்களுக்கு அலை பின்னாலிருந்து துரத்தும். அதில் உருளலும் நெளிவும் சேர்ந்திருக்கும். இரண்டில் எது தேவலை என்று என்னைக் கேட்டால், முழங்கால் வலிக்காரர்களுக்கு முதலாவது. ஆனால் முன்பின் ஆட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. பக்கவாட்டு உருளலை அடக்க விமான இறக்கை போன்ற துடுப்புகள் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. உங்கள் கப்பலில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. ஸ்டெபிலைசர் என்பார்கள். கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கும்போதே அவை திரும்பி எதிர்விசை கொடுத்து நிமிர்த்தும். முன்பின் ஆட்டத்துக்கு அப்படி எந்தக் கருவியும் உதவாது. 345 மீட்டர் இரும்பைத் தூக்கிப் பிடிக்க எந்தத் துடுப்பாலும் ஆகாது. இன்னொன்று, துடுப்பு வேலை செய்ய ஓட்டம் வேண்டும். புயலில் கேப்டன் வேகத்தைக் குறைத்தால் துடுப்பின் பலனும் குறையும்.

இதனால்தான் அறையை மாற்றச் சொன்னேன். ஏற்றப் பலகை எனும் சீசா விளையாட்டில் நடுவில் உட்கார்ந்த குழந்தைக்கு ஆட்டமே தெரியாது, நுனியில் உட்கார்ந்தவனுக்குத்தான் வயிற்றைப் பிசையும். உங்கள் பிள்ளைகள் ஆசையாக எடுத்திருப்பது அந்த நுனி இருக்கை, அதுவும் உயரத்தில். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில் அறை கேளுங்கள். வாடகையும் குறையும். நவம்பரில் பால்கனிக் கதவைத் திறந்து எத்தனை நாள் நிற்பீர்கள் என்று நினைக்கிறீர்கள்? புயல் நாளில் வெளித்தளக் கதவுகளையே பூட்டி அறிவிப்பு மாட்டிவிடுவார்கள்.

கப்பல் எவ்வளவு சாயும்? மோசமான நாளில் ஐந்து பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் அகல அறையில், ஒரு சுவர் மற்ற சுவரைவிட ஒரு சாணுக்குச் சற்று மேல் உயரும். பத்துப் பாகை என்றால் ஒரு முழத்துக்குச் சற்று மேல். கேட்க அற்பமாக இருக்கிறது அல்லவா? பத்துப் பாகையில் நாற்காலி ஓடும், நின்றவர் ஓடுவார், சமையலறையில் பாத்திரம் சத்தம் போடும். பயணிகள் அன்றிரவு மகளுக்குப் பேசும்போது கப்பல் படுத்தே விட்டது என்பார்கள். நான் முதன்முதலில் பார்த்தது வேறு விதமாக. என் அறை நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் கிடையாது. இரவு விழித்துப் பார்த்தால், கதவுக் கொக்கியில் மாட்டியிருந்த துண்டு கதவை விட்டு விலகி, காற்றில் தானாக நிற்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு மெதுவாகத் திரும்பிப் போய்க் கதவில் ஒட்டிக்கொண்டது. ஊரில் பார்த்திருந்தால் மந்திரிக்கப் போயிருப்பேன். பிறகுதான் உறைத்தது: துண்டு நேராகத்தான் தொங்குகிறது, சாய்வது கதவு. அதற்குப் பிறகு எந்தக் கப்பலிலும் முதல் வேலையாக ஒரு துண்டைக் கொக்கியில் மாட்டிவிடுவேன். துண்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தால் போதும். மற்றதை மனம் பெரிதாக்கிக் காட்டுவதை நம்ப வேண்டாம்.

மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிர்வதைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். தஞ்சாவூர்ப் பொம்மையைத் தட்டினால் வெடுக்கென்று நிமிரும். அடியில் எடை மிக அதிகம். கப்பலையும் அப்படிக் கட்டலாம், எளிதில் கவிழாது. ஆனால் அந்த வெடுக்கில் ஆட்கள் கட்டிலிலிருந்து தூக்கி எறியப்படுவார்கள். பயணிகள் கப்பலில் அந்தக் குணத்தைத் தெரிந்தேதான் குறைத்துக் கட்டுகிறார்கள். சாய்ந்த பக்கம் ஒரு நொடி யோசித்து நிற்பது போலத் தோன்றும். நிமிரும்.

பெரிய கப்பல்களை அலை என்ன செய்திருக்கிறது என்று சரித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதி சொல்லி மறைத்தால் டீச்சர் கண்டுபிடித்துவிடுவீர்கள். 1942 டிசம்பரில் பழைய குயின் மேரி ஆயிரக்கணக்கான அமெரிக்கப் படைவீரர்களோடு வந்தபோது, பக்கவாட்டில் ஒரு பேரலை அடித்து 52 பாகை வரை சாய்ந்ததாகக் கணக்கிட்டார்கள். நிமிர்ந்து வந்து கரை சேர்ந்தது. அந்தக் கப்பல் சாதாரண நாளிலேயே உருள்வதற்குப் பேர்போனது. 1958இல்தான் அதற்கு ஸ்டெபிலைசர் பொருத்தினார்கள். 1966 ஏப்ரலில் இத்தாலிய லைனர் மைக்கேலேஞ்சலோவின் முன்பகுதியை ஓர் அலை நசுக்கி மூன்று பேர் இறந்தார்கள். 1995 செப்டம்பரில் லூயிஸ் சூறாவளியில் குயின் எலிசபெத் 2 மேல் சுமார் 29 மீட்டர் அலை ஒன்று வந்தது. இங்கிலாந்துக் கடற்கரையில் இருக்கும் டோவரின் வெள்ளைப் பாறைகளுக்குள்ளேயே போய் மோதப்போவது போல இருந்தது என்றார் கேப்டன் ரொனால்ட் வார்விக். முன்தளத்தில் கொஞ்சம் சேதம், நியூயார்க் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் கப்பலின் முதல் கேப்டனும் இதே வார்விக்தான். அதே 1995ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று வடகடலில் டிராப்னர் என்ற எரிவாயு மேடையில் 25.6 மீட்டர் அலை ஒன்று கருவியில் பதிவானது. அதற்கு முன்பு வரை மாலுமிகள் இப்படி அலை பார்த்ததாகச் சொன்னால் கதை விடுகிறார்கள் என்றுதான் படித்தவர்கள் நினைத்தார்கள்.

மூழ்கிய பெரிய லைனர்களை எண்ணிப் பாருங்கள். டைட்டானிக் பனிப்பாறையால், எம்ப்ரெஸ் ஆஃப் அயர்லாந்து மோதலால், லூசிடேனியா போரில் டார்ப்பிடோவால், ஆண்ட்ரியா டோரியா மூடுபனியில் மோதலால். கடல் சீற்றத்தில் போனது என்று சொல்லத்தக்கது 1928இன் வெஸ்ட்ரிஸ். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது உங்கள் கப்பலோடு ஒப்பிடச் சின்னது. அளவுக்கு மீறிய சுமை, உள்ளே நகர்ந்த சரக்கு, புகுந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்தே அதைக் கவிழ்த்தன.

என் தாத்தா நம் பக்கம் சேலம் மாவட்டமாக இருந்த காலத்தில் மலாயா தோட்டத்துக்கு ரஜுலா கப்பலில் போனவர். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய அந்தக் கப்பல், நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. டெக் டிக்கெட், அறையெல்லாம் கிடையாது, திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுக்கை. ஐப்பசி மழைக்காலத்தில் வங்கக் கடல் எழும்பினால் பாயோடு சேர்ந்து ஆட்களும் சரிவார்களாம். ஒருவர் இடுப்புத் துண்டை அடுத்தவர் இடுப்போடு முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தோம் என்பார். அவரும் உங்களைப் போல எதற்கெடுத்தாலும் குமட்டுகிறவர்தான். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்பார். அதில் உண்மை இருக்கிறது.

குமட்டல் வருவது வயிற்றுக் கோளாறால் இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'சும்மாதான் இருக்கிறோம்' என்கிறது. இந்தச் சண்டையில் மூளை குழம்பி வயிற்றைப் புரட்டுகிறது. காதின் அந்த உறுப்பு வேலை செய்யாதவர்களுக்குக் கடல் குமட்டலே வராது. மேலும் கீழுமாக ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை நிகழும் ஆட்டம்தான் மனிதரை அதிகம் புரட்டும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பெரிய லைனரின் ஆட்டம் அதைவிட நிதானமானது. சின்னப் படகில் படுகிற பாடு இதில் இருக்காது. தொப்பூரில் குமட்டுகிறவருக்குக் கடலிலும் குமட்ட வாய்ப்பு அதிகம்தான், ஆனால் கட்டாயம் இல்லை. வயதானவர்களுக்கு இளையவர்களைவிடக் குறைவாகவே வரும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் மூளை சமாதானமாகிவிடும்.

மாத்திரை வேண்டும் என்றால் குமட்டல் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்ட மாத்திரை வாந்தியோடு போய்விடும். நம்மூர் மருந்துக் கடையில் பயணத்துக்கென்று கொடுக்கும் அவோமின் போன்றவை தூக்கம் வரவைக்கும். தூக்கக் கலக்கத்தில் ஆடும் தரையில் நடப்பது உங்கள் வீட்டுக்காரரின் முழங்காலுக்கு ஆகாது. கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு இருப்பவர்களுக்கு இந்த வகை மருந்துகளில் சிக்கல் உண்டு. ஆகவே ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடமே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கப்பலிலும் மருத்துவர் இருப்பார்; அவர் ஊசி போட்டால் கட்டணம் தனி.

வெறும் வயிறு மோசம், நிறைந்த வயிறும் மோசம். உலர்ந்த ரொட்டி, பிஸ்கட், ஆப்பிள், கொஞ்சம் இஞ்சி. நான் எடுத்துப்போனது காய்ந்த நார்த்தங்காய். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு நாலு மணி நேர வாட்ச், அதாவது பணிமுறை, முடித்திருக்கிறேன். அறையில் உட்கார்ந்து செல்பேசியையோ புத்தகத்தையோ பார்க்காதீர்கள். நடுத்தளத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். அதுவும் முடியவில்லையா, கண்ணை மூடி மல்லாந்து படுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது வாந்திக்கில்லை, கதவுக்கு. என் இடக்கைச் சுண்டுவிரலின் நுனி சற்று வளைந்திருக்கும். இத்தனை ஆண்டுகளில் எனக்குப் பட்ட ஒரே பெரிய காயம் அதுதான். செய்தது அலையல்ல, கதவு. கப்பல் கதவுகள் தீத்தடுப்புக்காகக் கனமாகச் செய்தவை. ஒரு உருளலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு தானாக வந்து மூடியது. நிலையைப் பிடிக்காதீர்கள், கைப்பிடியை மட்டும் பிடியுங்கள். குளியலறை வாசலில் ஒரு படி எழும்பி இருக்கும். இரவில் விளக்குப் போடாமல் போகக் கூடாது. நடைபாதை இரு பக்கமும் கம்பி உண்டு. அமைதியான கடலிலும் ஒரு கை அதில் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்காரர் லிஃப்டை நம்ப வேண்டாம், கடல் மோசமானால் நிறுத்திவைப்பதுண்டு. சாப்பாட்டுக் கூடமும் கேபினும் அருகருகே வருமாறு கேளுங்கள்.

கடல் கெடப்போகிறது என்பதைக் கேப்டன் ஒலிபெருக்கியில் சொல்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். நீச்சல் குளத்தில் தண்ணீரை வடித்துவிடுவார்கள். படிக்கட்டுக் கைப்பிடிகளில் காகிதப் பைகள் செருகி வைத்திருப்பார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேசை விரிப்பை லேசாக ஈரமாக்கியிருந்தால், தட்டு வழுக்காமல் இருக்கச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று ரசத்துக்கு, அதாவது சூப்புக்கு, அரைக் கிண்ணம் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

இரவில் சத்தம் கேட்கும். சுவர்ப் பலகைகள் கிரீச்சிடும், அலமாரியில் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே இருக்கும், இழுப்பறை திறந்து மூடும். ஹேங்கர்களுக்கு நடுவே ஒரு துண்டைச் செருகினால் பாதிச் சத்தம் நின்றுவிடும். எப்போதாவது முன்பக்கத்திலிருந்து ஒரு பெரிய 'தடால்', அதன்பின் கப்பல் முழுவதும் ஒரு நடுக்கம். அணியம் அலைக்குழியில் வந்து விழுந்த சத்தம் அது. எதுவும் உடையவில்லை. அந்தத் தடால் அடிக்கடி வந்தால் கேப்டனே வேகத்தைக் குறைப்பார், திசையைச் சற்று மாற்றுவார். முப்பது நாட், அதாவது மணிக்கு முப்பது கடல் மைல், வரை ஓடக்கூடிய கப்பலை ஏழு இரவுப் பயணத்தில் சாதாரணமாக இருபதை ஒட்டித்தான் ஓட்டுகிறார்கள். மீதி வேகம் இப்படித் தாமதமானதை ஈடுகட்டுவதற்கு.

புடவை கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக; ஆனால் கடல் எழும்பிய நாளில் படிக்கட்டில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருக்கும், கைப்பையைப் பிடிக்க ஆள் இருக்காது. அதற்கு மட்டும் சுடிதார் இரண்டு எடுத்துவையுங்கள். ரப்பர் அடியுள்ள, பின்பக்கம் மூடிய செருப்பு இருவருக்கும்.

நியூயார்க்கில் இறங்கிய பிறகு இரண்டொரு நாள் மகள் வீட்டுக் குளியலறை லேசாக ஆடுவதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், தானே போய்விடும். பஸ்ஸில் முகர்ந்துகொண்டு போவீர்களே, அந்த எலுமிச்சம்பழத்தைக் கப்பலிலும் வைத்துக்கொள்ளலாம். மிச்சமிருப்பதை இறங்குவதற்கு முன் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். பையில் பழம் இருந்தால் அமெரிக்கச் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள்.